நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம்

லோசலினி விட்டுப்போனது
படிக்கிற கண்ணாடி ஒன்று,
மேசை இழுப்பறையின் பின்பலகையோடு ஒட்டிக்கொண்டு.
அது இல்லாவிட்டால் அவளுக்கு
மாத்திரை அட்டையில் எறும்புகள்தான் ஊரும்.

பெயர் போட்டேன். ஏற்றுக்கொண்டது.
தபால் பெட்டி எண் 1187, லௌத்தோக்கா.
ஏற்றுக்கொண்டது.
நாடு: உருட்டி உருட்டி
ஃபின்லாந்தில் இறங்கி
ஒரு படி மேலேறி, ஃபிஜி.
அஞ்சல் குறியீட்டுக் கட்டத்தின் தலையில் மட்டும்
சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.

காலியாக விட்டேன், கட்டம் சிவந்தது.
'இல்லை' என்று எழுதினேன்.
எழுத்து வேண்டாமாம், எண்தான் வேண்டுமாம்.
ஒரு பூஜ்யம். போதாதாம்.
ஆறு பூஜ்யம்.
சரியான எண்ணைத் தரவும்.
எது சரியென்று தெரிந்த ஒன்று
என்னை ஏன் கேட்கிறது?

இரவு பதினொன்றரைக்கு அழைத்தேன்.
அங்கே மணி மூன்றரை, இரவுப் பணியில் இருந்தாள்.
நோயாளிகள் விழித்துவிடாமல்
உள்ளங்கைக்குள் சிரிக்கிற அதே சிரிப்பு.
"எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாதே.
அங்கே கடிதம் உங்களைத் தேடி வருகிறது.
இங்கே நாங்கள்தான் சாவியை எடுத்துக்கொண்டு
கடிதத்தைத் தேடிப் போகிறோம்.
ஏதாவது ஓர் எண் போடேன்."

ஏதாவது ஓர் எண்.
இந்தத் தீவில் அப்படி ஓர் எண் இல்லை, லோசலினி.
ஆறு இலக்கம் சொன்னால் டாக்சி வருகிறது,
பீட்சா வருகிறது,
ஐந்தாம் மாடித் திரு. கோ விழுந்த அன்று
அவர் பெயரை யாரும் கேட்பதற்குள்
ஆம்புலன்ஸ் வந்து நின்றது.
நூற்றுப் பன்னிரண்டு கதவு,
அத்தனைக்கும் ஒரே ஆறு.
அவர் பெயர் கோ என்பதே
எனக்கு அன்றுதான் தெரியும்.

விரல் தானாகத் தட்டியது:
ஏழு, ஆறு, பூஜ்யம்,
அப்புறம் எங்கள் புளோக்.
மூன்று வருடம் இந்த அறையின் மற்ற கட்டிலிலிருந்து
அவளும் இதைத்தான் எழுதினாள்
வங்கிக்கு, வேலை அனுமதிக்கு,
திரும்பி வராத ஒரு மின்விசிறியின் உத்தரவாத அட்டைக்கு.
பச்சையாய் ஒரு டிக்.
முப்பத்தெட்டு வெள்ளி போயிற்று.

நான்காம் நாள் அழைப்புமணி.
தலைக்கவசம் கழற்றாத பையன்,
கையில் நான் டேப் ஒட்டிய பொட்டலம்.
இயந்திரம் படித்தது எண்ணை மட்டும்.
கடலும் நாடும் பெட்டியும்
அதற்குப் பக்கத்தில் அச்சிட்ட பூவேலை.
கதவு எண்ணை அனுப்புநர் பகுதியில்
அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான், கெட்டிக்காரன்.
"மிஸ் லோசலினி?"
ஒரு காலால் லிஃப்ட் கதவைத் தடுத்துக்கொண்டிருந்தான்.
ஆமாம் என்று கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை, யீஷூன் அஞ்சலகம்.
எனக்கு முன்னால் பதினேழு பேர்.
ஹஸ்லிண்டா என்று பெயர்ப்பட்டை அணிந்தவர்
சுங்கத் தாளைத் தன் பக்கம் திருப்பி
அந்தக் கட்டத்தில்
பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.
அவ்வளவுதான்.
நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பின்னாலிருந்தவர் இருமினார்.

போய்ச் சேரப் பதினாறு நாள்.
ஒரு காம்பு வளைந்திருக்கிறதாம்.
வழியில் வளைந்தது என்கிறாள்,
நீ அதன்மேல் உட்கார்ந்தாய்,
நான் பார்த்தேன் என்கிறேன்.

என் கணினி மட்டும் எதையும் மறக்கவில்லை.
நேற்று சலவைத்தூள் வாங்கப் போனால்
முதல் எழுத்தைத் தொட்டதுமே
தானாக நிரப்பி நீட்டுகிறது:
லோசலினி,
பெட்டி 1187, லௌத்தோக்கா, ஃபிஜி,
அடியில் யீஷூனின் ஆறு எண்.

யாரும் குடியிருக்க முடியாத அந்த இடத்துக்கு
இரண்டு கிலோ மூட்டை
இலவசமாக,
நாளை மாலைக்குள்
வந்துவிடுமாம்.